உலராத காய்க்கு வந்த எடை

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் அதற்குப் பின்னால் ஒரு மனுசன் இருப்பான், அவன் முட்டாளாக இருப்பான் இல்லையென்றால் திருடனாக இருப்பான், அவ்வளவுதான் என் கணக்கு. இந்த ஒன்றுதான் அதில் அடங்கவில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கு நட்டமில்லை.

போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் வேலை. மலையில் எங்களுக்கு ஒரு ஸ்டோர் உண்டு, அதாவது காய் உலர்த்தும் கட்டடம். பச்சைக் காய் வந்ததும் எடை போட்டு அங்கே கம்ப்யூட்டரில் ஒரு பதிவு, உலர்ந்து வெளியே வந்ததும் இன்னொரு பதிவு. இரண்டும் போடி ஆபீசுக்குத் தகவலாக வரும். தப்பாக வந்தது சிவப்பில் நிற்கும். ஏன் நின்றது என்று பார்த்துத் திருத்தித் திரும்ப அனுப்புவது என் வேலை.

போன சீசனில் ஒரே மாதிரிச் சிவப்பு. பச்சைக் காய் வந்ததாகவே பதிவில்லை, அதற்குள் உலர்ந்த காயின் எடை வந்து நிற்கிறது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"காயி இன்னும் செடியில கெடக்குண்ணே. நான் எங்கிட்டு எடை போட?"

"அப்ப ஒங்க தாத்தா வந்து போட்டாராக்கும்."

பிறகு காய் வந்து, உலர்ந்து, எடை போட்டால் அச்சு அசல் அதே எடை. பச்சைக் காய் ஐந்தில் ஒரு பங்கு தேறும் என்று சுமாராகச் சொல்லலாம். கிராம் பிசகாமல் எவனும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் இப்படியே.

"எடையை முன்னாடியே போட்டு வச்சுட்டு மிச்சக் காயை ஒதுக்குறான்யா. கையும் களவுமாப் புடி, நாளைக்கே வெளிய அனுப்பிடுறேன்" என்றார் முதலாளி. எனக்கும் அதே சந்தேகம். முருகேசன் குடும்பத்தோடு இருக்கும் லயத்து வீடும் கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். தெரிந்தேதான் போனேன்.

சொல்லாமல் மதிய ஜீப்பில் ஏறினேன். மேலே போனால் மரம் சாய்ந்து கரண்ட் இல்லை, நெட் கம்பியும் அறுந்து தொங்குகிறது. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கம்ப்யூட்டர் ஒயரைச் சுவரிலிருந்து நானே பிடுங்கினேன். முருகேசனின் போனை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"சட்டையவும் கழட்டணுமாண்ணே?" என்றான்.

என் போன் அடித்தது. ஆபீசில் பக்கத்து நாற்காலிச் செல்வி.

"அண்ணே, ஸ்டோர்லருந்து இப்பத்தான் ஒண்ணு வந்து செவப்புல நிக்கிது."

"முருகேசன் பேருலதான?"

"ஒங்க பேருல வந்திருக்கு. வெளாடுறீகளா?"

அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைய எனக்கு அனுமதியே கிடையாது. செல்வியைச் சந்தேகப்பட்டேன், மென்பொருள் போட்டுக் கொடுத்தவர்களைச் சந்தேகப்பட்டேன். ஆள் வைத்து நோண்டியும் பார்த்தாயிற்று. ஸ்டோர் கம்ப்யூட்டரிலிருந்துதான் புறப்பட்டிருக்கிறது, நான் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில்.

முருகேசன் திருடவில்லை என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் கூட்டா?" என்றார். காயில் குறைவு காட்ட முடியாததால் அவனை விட்டுவைத்தார். அதோடு காய்க்கு முன்னால் எடை முந்திக்கொண்டு வருவதும் நின்றது. என் பெயரில் வந்த எடை மட்டும் இன்னும் சிவப்பில் இருக்கிறது. அதற்கான காய் இதுவரை வரவில்லை.

போன வாரம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவன் மேல மனசு ஒப்பலய்யா. அவனை அனுப்பிட்டு நீயே மேல போயி ஸ்டோரைப் பாத்துக்க." முடியாது என்றேன். யோசித்துச் சொல்லு என்றார். இதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நேற்று முருகேசன் கூப்பிட்டான். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது.

"அண்ணே, சாமானெல்லாம் கட்டிட்டோம். நீங்க என்னிக்கு வர்றீக?"

"எவன்டா சொன்னது ஒனக்கு?"

"நீங்கதானண்ணே காலையில போன் போட்டுச் சொன்னீக."

நான் போடவில்லை.