போஞ்சிக் கொழுந்து

கண்டிச் சந்தையில் இன்று போஞ்சிக்காய் ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும், அம்மா கொழுந்து பறித்த கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னச் சரிவில் போய் நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் காய்கறி போட்டதில்லை. அப்பா கல் பொறுக்கி, சாணி சுமந்து, போஞ்சி விதை ஊன்றி, கொடி ஏற உயரமான கம்புகளும் நட்டார். கிழமைக்கணக்கில் காத்திருந்தும் ஒரு கொடிகூட ஏறவில்லை. எல்லாம் முழங்கால் உயரத்தில் புதராகப் பரந்து நின்றன, பூவே இல்லை. எலி கடிக்கிறது என்று அப்பா பொறி வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் ஊற்றப் போன அம்மா, பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே, பாத்தி நெடுக நுனிகளைக் கிள்ளி, முதுகில் இல்லாத கூடைக்குள் வீசிக்கொண்டு போனாள்.

"ஏ புள்ள, இது என்ன தேயிலையா?" என்று கத்தினார் அப்பா.

அம்மா தன் கையையே பார்த்தாள். "தானா போகுதுங்க," என்றாள்.

அதன்பின் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பாத்திக்குள் நடப்பாள். கொடி ஏறியது, பூத்தது; இரண்டு சட்டி போஞ்சிக்கறி சாப்பிட்டோம்.

பிறகு தோட்டத் துரை அந்தச் சரிவிலும் தேயிலை வைக்கச் சொன்னார். கன்றுகள் வளர்ந்து முதல் கொழுந்து எடுக்கும் நாளில், வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி அந்தச் சரிவின் நிரையை அம்மாவுக்குத்தான் கொடுத்தார். கூடையை மாட்டிக்கொண்டு எங்கள் பாத்தி இருந்த இடத்தில் நின்றாள். அன்றைக்கு மட்டும் அவள் கை தானாகப் போகவில்லை.