நார்த்தங்காய்ப் பரணியோடு மும்பைக்கு

காலை ஆறரை மணிக்கு ஆரியசாலையில் ஆட்டோ ஏறினேன். சங்குமுகம் விமான நிலையத்துக்கு ஆறு கிலோமீட்டர், இருநூறு ரூபாய் பேச்சு. மும்பை விமானம் ஒன்பதே காலுக்கு. பெட்டி காலடியில் கிடந்தது. மடியில் நான் கட்டிப் பிடித்திருந்த கைப்பைக்குள் ஒரு நார்த்தங்காய் ஊறுகாய்ப் பரணி, சின்னப் பீங்கான் ஜாடி.

அது மும்பை செம்பூரில் இருக்கும் என் அக்காவுக்கு. புற்றுநோய் சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகியும் அவள் நாக்கில் ருசி திரும்பவில்லை. சாப்பாடு இறங்காமல் உடம்பு தேய்ந்துகொண்டே வந்தது. எந்தப் பந்தியிலும் ஒரு குறை சொல்லாமல் அவள் இலையை மூடியதில்லை. என் மனைவி பார்வதியின் சமையல் என்றால் இரண்டு குறை. அப்பேர்ப்பட்டவள் இப்போது எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிடுகிறாள் என்று அத்தான் போனில் சொன்னார். போன வாரம் அவளாகவே நார்த்தங்காய் கேட்டாள். கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஆரியசாலையில் எனக்கு மிளகாய் மண்டி. லாரி லாரியாகச் சரக்கு அனுப்பியே தலை நரைத்தவன். மூட்டை கட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற மிதப்பு உண்டு. பார்வதி போட்ட ஊறுகாய்ப் பரணியின் வாயைத் துணியால் கட்டி, பாலித்தீன் சுற்றி, மேலே சாக்கு போட்டுக் கோணி ஊசியால் தைத்தேன். பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொன்னாள் பார்வதி. உடைந்துவிடும் என்று நான் கேட்கவில்லை.

ஏழு மணிக்குப் பெட்டியை எடை போட்டு அனுப்பினேன், பதினொரு கிலோ. அடுத்து பாதுகாப்புச் சோதனை. கைப்பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனது, நின்றது, பின்னால் வந்து மறுபடியும் போனது. சீருடையில் இருந்த ஒரு பெண் அலுவலர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, உள்ளே கம்பி மாதிரி இருப்பது என்ன என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பையைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தைத்து முடித்ததும் மண்டியில் செய்கிற பழக்கத்திலேயே ஊசியை மூட்டையில் குத்தி வைத்திருக்கிறேன்.

ஊசியை எடுத்தவர் சும்மா விடுவாரா? தையலையும் பிரித்துப் பார்த்தார்.

"சேட்டா, ஊசியும் பற்றில்லா, அச்சாறும் பற்றில்லா."

இரண்டையும் கையில் கொண்டுபோக முடியாது, இங்கேயே விட்டுவிடலாம், இல்லையென்றால் வெளியே போய்ப் பெட்டி போட்ட கவுண்டரிலேயே கொடுத்து அனுப்பலாம் என்றார். பக்கத்தில் லைட்டரும் கத்தரிக்கோலும் கிடந்த கூடையைப் பார்த்தேன். பரணி அதில் போய்விடுமோ என்று கண் கலங்கிவிட்டது. அக்காவின் நிலைமையைச் சொன்னேன். அவர் விதியைத் தளர்த்தவில்லை, ஆனால் குரல் தணிந்தது. நேரம் இருக்கிறது, சீக்கிரம் போய் வாருங்கள் என்று ஒரு காவலரைத் துணைக்கு அனுப்பினார்.

கவுண்டரில் இருந்த பெண், வாய் திறந்த மூட்டையை வாங்க முடியாது என்றாள். நல்லவேளை, ஊசி கைக்கு வந்திருந்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, பிரித்த நூலையே கோத்து மண்டியில் தைப்பதுபோலத் தைத்து முடித்தேன். ஊசியைச் சாக்கின் மடிப்புக்குள் செருகினேன். எடை அளவுக்குள் இருந்ததால் தனிக் கட்டணம் இல்லை. உடையும் பொருள் என்று ஒரு சீட்டு ஒட்டினாள். பெல்ட்டில் மூட்டை அசைந்து அசைந்து போய் மறைந்ததைப் பார்த்துவிட்டு மறுபடியும் சோதனை வரிசைக்கு ஓடினேன்.

பதினொன்றரைக்கு மும்பை. பெட்டி முதலிலேயே வந்துவிட்டது. மூட்டையைக் காணோம். கடைசியில் அது தலைகீழாக வந்தது. தூக்கி மூக்கருகே வைத்தேன். ஊறுகாய் வாசனை இல்லை, சாக்கு காய்ந்திருந்தது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

செம்பூரில் அக்கா நாற்காலியில் பாதியாக இருந்தாள். அத்தான் தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்தார். ஒரு துண்டு நார்த்தங்காயை வாயில் போட்டு மென்றாள். நானும் அத்தானும் மூச்சு விடாமல் அவள் முகத்தையே பார்த்தோம். அவள் முகம் சுளித்தது.

"உப்பு கூடிப்போச்சுடே. பார்வதிக்கு எத்தன தடவ சொல்லுகது?"

சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினாள். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பால்கனிக்குப் போய்ப் பார்வதியைக் கூப்பிட்டு, அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். கல்யாணமான நாள் முதல் அந்தக் குறைகளைக் கேட்டுக் கேட்டுப் பொருமியவள் அவள். இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"மைனி சொல்லட்டும். இன்னும் நல்லா சொல்லட்டும்."