மேஜையில் இரண்டு தட்டுகள்

மாட்டுக்கறி என்று சொன்னால் என் கணவருக்குப் பிடிக்காது. ஸ்டேக் என்று சொல்ல வேண்டும். அதையே ஒயின் சாஸோடு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், முள்கரண்டியும் கத்தியும் வைத்துச் சாப்பிட்டால் அது நாகரிகம். என் அம்மா அலுமினியச் சட்டியில் மிளகாயும் பூண்டும் போட்டு வேகவைத்தால் அதற்கு வேறு பெயர். டில்லியில் இரண்டும் ஒரே எருமைதான்.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று எட்டு மாதம் காத்திருந்தேன். ஆறவில்லை.

எங்கள் வீடு ஜங்க்புராவுக்குப் பின்னால், நாலா என்னும் சாக்கடைக் கால்வாயின் கரையில் இருக்கும் குடிசைகளில் ஒன்று. அம்மா நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பன்னிரண்டாவது வரை படித்தேன். டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் கற்றேன். பரீட்சை எழுதி மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். யார் சிபாரிசும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் மதியம் நான் டிபன் டப்பாவைத் திறந்ததும், பக்கத்தில் இருந்தவள் தன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள். அன்று சாயங்காலம் அம்மாவிடம், இனிமேல் எனக்கு இந்தக் கறி வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அம்மா அதை நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான் சமைப்பாள். நான் திரும்பி வருவதற்குள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். வாசனை மட்டும் இருக்கும். அதை நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கணவரை அலுவலகத்தில் சந்தித்தேன். அவருடைய அப்பா வேறொரு அமைச்சகத்தில் அதிகாரி, அவர்களுக்கு ஆர்.கே. புரத்தில் அரசாங்கக் குடியிருப்பு. வெங்காயம்கூட சில நாட்களில் சேர்க்காத வீடு. ரிஜிஸ்டர் ஆபீசில்தான் கல்யாணம் நடந்தது. அவர் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை அங்கே வர அனுமதித்தார்கள். போவோம், ஹாலில் உட்காருவோம், காபி வரும். ஆனால் ஒரு வருடத்தில் அவர்கள் ஒரு தடவைகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஜங்க்புராவில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு மொட்டைமாடியில் ஒற்றை அறையும் தகரம் வேய்ந்த சமையலறையும் கொண்ட பர்சாத்தி அது. ஏறி வர முப்பத்தெட்டு படிகள். மாமியாருக்கு முட்டிவலி என்று அவர் சொல்வார். அந்தப் படிகளை அவர்கள் ஏறி வந்து, என் கையால் ஒரு டம்ளர் தண்ணீராவது வாங்கிக் குடிக்க வேண்டும் என்று நான் அந்த வருடம் முழுக்க ஆசைப்பட்டேன். அதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

முதல் கல்யாண நாள் டிசம்பரில் வந்தது. ஒரு வாரம் முன்னால் அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். அவர் கையெழுத்தில், ஆங்கிலத்தில், ஒன்று இரண்டு என்று எண் போட்ட சமையல் குறிப்பு. கல்கத்தாவில் பயிற்சிக்குப் போயிருந்தபோது நண்பர்களோடு ஹோட்டலில் ஸ்டேக் சாப்பிட்டிருக்கிறார். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறதாம். யாரோ ஒரு நண்பர் வீட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதி வந்திருந்தார்.

"ஹோட்டலுக்குப் போனா யாராவது பாத்துடுவா. ஆத்துலயே பண்ணலாமே. ரொமான்டிக்கா இருக்கும்."

"எனக்குப் பண்ணத் தெரியாதே."

"உனக்கா தெரியாது?" என்று சிரித்தார். "உங்காத்துல இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே."

அந்தச் சிரிப்பில் ஒரு செல்லம் இருந்தது. அதனால் எனக்கு அப்போது கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிக்கடை வரிசையின் கடைசியில் எருமைக்கறி விற்பவன் இருந்தான். நான் அலுவலகச் சேலையோடு, தோளில் பையோடு போய் நின்றேன். குறிப்பில் இருந்தபடி முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற துண்டு வேண்டும் என்றேன்.

"அண்டர்கட்? குத்தே கே லியே, மேடம்?" என்று கேட்டான். நாய்க்கா என்று. என்னைப்போல உடுத்திக்கொண்டு வருகிறவர்கள் அவனிடம் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

"நஹீ பையா, பதி கே லியே," என்றேன். புருஷனுக்கு.

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த நாளில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒயின் அவர் பொறுப்பு. பழைய செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் வைத்து, மாடிப்படியில் பாட்டில் இடிக்காமல் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் ஒரே தித்திப்பு, இருமல் மருந்து மாதிரி. குறிப்பில் இனிப்பில்லாத ஒயின் என்று போட்டிருந்தது. "ஒயின்னா ஒயின்தானே," என்றார்.

நானும் ஒரு தப்புச் செய்தேன். கறியைக் கையில் எடுத்ததும் என் கை என்னைக் கேட்கவில்லை. நாலு தண்ணீரில் அலசி, மஞ்சள்தூள் போட்டுப் பிசிறி, மறுபடியும் கழுவி வடிய வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் எந்தக் கறியானாலும் மஞ்சள் போட்டுக் கழுவாமல் அடுப்பில் ஏறாது. பத்து வருடமாக நான் தொடாத கறி, ஆனாலும் கை மறக்கவில்லை. அப்புறம்தான் குறிப்பைப் படித்தேன்: துணியால் ஈரத்தை ஒற்றி எடு, வாணலியில் புகை வரும்போது போடு, இரண்டு பக்கமும் சிவக்க வாட்டு. என் துண்டுகள் வாணலியில் விழுந்ததும் தண்ணீர் விட்டுக்கொண்டன. சிவக்கவே இல்லை. மஞ்சளாக, சோகை பிடித்த மாதிரி கிடந்தன. ஸ்டவ்வைப் பெரிதாக்கி, வெண்ணெய் போட்டு, தண்ணீர் வற்றியபின் ஓரம் மட்டும் கருகியது. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கி, ஒயினை ஊற்றிச் சுண்ட வைத்தேன். தித்திப்பை அடக்க மிளகும் கொஞ்சம் வினிகரும் சேர்த்தேன். கடைசியில் அது நன்றாகவே வந்தது. நான் எடுத்த காரியம் ஏதும் பாதியில் நின்றதில்லை.

குறிப்பை ஸ்டவ்வுக்கு மேலே இருந்த பலகையில் டம்ளருக்கு அடியில் செருகி வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஏழு மணி. குளிர்கால இருட்டு. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். அலுவலக மேஜை மாதிரி இருந்த எங்கள் மேஜைமேல் நான் புதிதாக ஒரு விரிப்பு போட்டிருந்தேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் கத்தியால் வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "அப்படியே கல்கத்தா," என்றார். பாதித் தட்டு காலியானது. நான் இன்னும் தொடவில்லை. முதல் வாய் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பயமாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் மாமியாரின் குரல்.

"என்னடா, ஒரே இருட்டா இருக்கு? கீழே எல்லார் ஆத்துலயும் லைட் எரியறதே!"

பின்னால் மாமனார், "பியூஸ் போயிருக்கும். டார்ச் இருக்கு என்கிட்ட. மெயின் எங்கேடா?" என்றார்.

ஒரு வருடமாக வராதவர்கள், கல்யாண நாளுக்கென்று ஆசீர்வாதம் செய்ய, தூக்கில் சேமியாப் பாயசம் எடுத்துக்கொண்டு, அந்த முப்பத்தெட்டு படிகளையும் ஏறி வந்திருந்தார்கள்.

கதவு திறப்பதற்குள் என் கணவர் ஒரு காரியம் செய்தார். தன் தட்டை மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினார். கத்தி, முள்கரண்டியோடு. பீங்கான் தட்டு விரிப்பில் உரசி வந்து என் தட்டின்மேல் இடித்து நின்றது. தன் முன்னால் தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு வாயைத் துடைத்தார்.

மாமியார் உள்ளே வந்தார். மூக்கைச் சுளித்தார். மேஜையைப் பார்த்தார்.

"என்ன இது?"

"அவளுக்கு ஆசைம்மா," என்றார் என் கணவர். "வருஷத்துல ஒரு நாள், போனாப் போறதுன்னு... நான் தயிர்சாதம் சாப்ட்டாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அவாத்து வழக்கம்மா. பாரேன், மஞ்சள்லாம் தடவிப் பண்ணியிருக்கா."

மஞ்சள். என் கை தெரியாமல் செய்த தப்பு அவருக்குச் சாட்சியாகிவிட்டது.

மாமியார் என்னிடம் திரும்பினார். "நீ சாப்பிடறதை நான் கேக்கலை. உங்க பழக்கம், நீ சாப்பிடு. ஆனா அவனை எதிர்க்க உக்கார வச்சுண்டா? ஒருத்திக்கு ரெண்டு தட்டு வேற!"

எனக்கு வாய் இல்லாமல் இல்லை. என் கணவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகுவர்த்தியில் அவர் உதட்டோரம் சாஸ் பளபளத்தது. அவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் இதற்குள் மெயினைத் தேடிச் சமையலறைக்குப் போயிருந்தார். டார்ச் வெளிச்சம் பலகையில் நின்றது. டம்ளரை நகர்த்தி, காகிதத்தை எடுத்துப் படித்தார். முழுவதும் படித்தார். பையனுக்குக் கையெழுத்தைப் பயிற்றுவித்தவர் அவர். நோட்டில் கோடு போட்டு எழுதச் சொன்ன கதையை அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லியிருக்கிறார். நிமிர்ந்தவர் கண்ணில் நான் பட்டேன். ஒரு நிமிஷம் அந்த வயதானவர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டார்.

"பியூஸ் ஒண்ணும் போகலை," என்றார். "நாழியாச்சு, கிளம்பலாம்."

மாமியார் பாயசத் தூக்கைக் கீழே வைக்கவே இல்லை. கையில் இருந்தபடியே எடுத்துக்கொண்டு இறங்கினார்.

செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் என் கணவர் லைட்டைப் போட்டார். பிறகு, எழுதவே கை கூசுகிறது, தட்டை எடுக்கக் கையை நீட்டினார். ஆறிவிடுமாம்.

"கீழே போய்ச் சொல்லிட்டு வாங்க. பஸ் ஸ்டாப்லதான் நிப்பாங்க."

"என்னன்னு?"

"இது உங்க தட்டுன்னு."

"எதுக்கு இதைப் பெரிசு பண்றே? உன்னைப் பத்தி அவாளுக்கு ஏற்கெனவே தெரியும். உனக்கு இதுல புதுசா ஒண்ணும் நஷ்டம் இல்லை. எனக்குன்னா அம்மா உடைஞ்சு போயிடுவா."

புதிதாக ஒன்றும் நஷ்டம் இல்லை. படித்தவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அவர் தட்டை அவர் இடத்துக்கே நகர்த்தி வைத்தேன். என் தட்டில் இருந்ததையும் வாணலியில் மிச்சமிருந்ததையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். பத்து நிமிட நடை. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, தித்திப்பா வாடை வருது? வேகவும் இல்ல."

"அப்படித்தான் பண்ணணுமாம்."

"யாரு சொன்னது?" என்றபடி சட்டியை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தயங்கினாள். பத்து வருடமாக என் கண் எதிரில் அவள் அந்தக் கறியைச் சமைத்ததில்லை.

"போடும்மா," என்றேன்.

மிளகாய், பூண்டு, இரண்டு தக்காளி. நான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்தப் புள்ள துன்னாரா?"

"அவரைக் கேட்டா இல்லைன்னுதான் சொல்வாரு," என்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பொறுத்தேன். அவர் மட்டும் ஆர்.கே. புரம் போய்வந்தார். திரும்பியதும் ஒரே கேள்வி கேட்பேன்: "சொன்னீங்களா?" முதல் வாரம் விருந்தாளிகள் இருந்தார்கள். இரண்டாம் வாரம் அம்மாவுக்கு ரத்த அழுத்தம். மூன்றாம் வாரம் "சந்தர்ப்பம் வரலை" என்றார். மறுநாள் திங்கட்கிழமை டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலை பார்க்கும் பெண்கள் விடுதிக்கு வந்துவிட்டேன். குடிசைக்குத் திரும்பியிருந்தால், எங்கே போவாள், அங்கேதானே போவாள் என்று ஆகியிருக்கும். அந்தச் சந்தோஷத்தை நான் யாருக்கும் தரமாட்டேன்.

சனிக்கிழமைகளில் அவர் விடுதி வாசலுக்கு வருகிறார். இளைத்துவிட்டார். ஸ்டவ் பற்றவைக்க வரவில்லையாம். போன சனிக்கிழமை கையில் அதே தூக்கு.

"அம்மா குடுத்தனுப்பினா. சேமியாப் பாயசம். நீ கோச்சுண்டு போயிட்டேன்னு அவளுக்கும் வருத்தம்தான். பாவம், மனசு எறங்கிட்டா."

"எதுக்குக் கோச்சுக்கிட்டேன்னு கேட்டாங்களா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

அவர் வாசல் காவல்காரரைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "உனக்குக் கோபம் சட்டுனு வரும்னு சொன்னேன்," என்றார்.

தூக்கு அவர் கையிலேயே இருந்தது. மூடி சரியாக மூடாமல் ஏலக்காய் வாசனை வந்துகொண்டிருந்தது. திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு நான் உள்ளே வந்தேன். எனக்குப் பாயசம் ரொம்பப் பிடிக்கும்.