வயிற்றில் கட்டிய கோமேதகம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் தென்காசியில் குடியிருந்தோம். குற்றாலத்தில் முகாம் போட்டு, கதிர் வீசும் கற்களை மலையில் தேடிக்கொண்டிருந்த சர்க்கார் குழுவில் என் வீட்டுக்காரருக்கு உதவியாளர் வேலை. பகலெல்லாம் யுரேனியத்தைத் தேடுவார். வீட்டுக்கு வந்தால் ராகுவுக்குப் பயப்படுவார். என்னத்தைச் சொல்ல!

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எனக்கு இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது உண்டானதும், கடையநல்லூரில் சிலோன் சாமான் விற்பவரிடம் ராகுவுக்கு உகந்த கல் என்று பச்சை ஓடிய கோமேதகம் ஒன்று வாங்கி, கல் தோலில் படும்படி அடி திறந்த மோதிரமாகச் செய்துகொண்டு வந்தார். ஏழாம் மாதம் விரல் வீங்கி மோதிரம் ஏறவில்லை. "கல்லு மேல பட்டாப் போதும்ட்டி" என்று கறுப்புக் கயிற்றில் கோர்த்து இடுப்பில் கட்டிவிட்டார். கல் என் அடிவயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. குளிக்கும்போதுகூட அவிழ்க்கவில்லை.

சாரல் விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டரி மாற்றுவதற்காகக் கதிர் அளக்கும் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தார். அதன் குழலைச் சுவரில் காட்டினார், அம்மியில் காட்டினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக், டிக் என்றது. "கல்லுன்னா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஏட்டி, இங்கன வா" என்று விளையாட்டாகக் குழலை என் வயிற்றுப் பக்கம் கொண்டு வந்தார். பெட்டி படபடவென்று அடித்துக்கொண்டது.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளையிடமிருந்துதான் அந்தச் சத்தம் வருகிறது என்று இருவருமே நினைத்துவிட்டோம். கயிற்றை அவிழ்த்து மூலையில் போட்ட பிறகு, சத்தமும் அதோடு மூலைக்குப் போனது. அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் இருவரும் பஸ் ஏறிக் குற்றாலம் போனோம். முகாமின் பெரிய அதிகாரி கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தார். கோமேதகமே இல்லையாம், சிர்க்கான் என்ற வேறு கல்லாம். "எவ்வளவு கெட்டியான கல் தெரியுமா? உள்ளே அணுக்கள் அடுக்கி வைத்த மாதிரி வரிசையாக நிற்கும். ஆனால் இடையில் கொஞ்சம் யுரேனியம் கலந்திருக்கிறது. அது ஒவ்வொரு தடவை வெடித்துத் துகள் தெறிக்கும்போதும் சுற்றியிருக்கிற வரிசை கலைந்துபோகும். கலையக் கலையக் கல் உப்பும், மங்கும், கெட்டித்தனம் குறையும்" என்றார்.

புள்ளி வைத்த கோலத்துக்குள் கோழி புகுந்த மாதிரி என்று எனக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"கல்லுக்கே இந்தக் கதின்னா, வயித்துப் பிள்ளைக்கு என்ன ஆகும் சார்?"

"கல் இப்படி ஆகக் கோடிக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும், அம்மா. நீங்கள் கட்டியிருந்தது சில வாரம். பயப்படாதீர்கள். மறுபடி கட்டவும் வேண்டாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நன்றாகச் சூடு பண்ணினால் அணுக்கள் திரும்ப வரிசைக்கு வரும், கல்கூடத் தெளிந்துவிடும்" என்று சேர்த்துக்கொண்டார்.

"பிள்ளைக்குக் கலைஞ்சா யாரு சார் அடுக்கித் தருவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பும்போது மோதிரம் என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருந்தது. கட்டினால் கதிர், கட்டாவிட்டால் ராகு. இரண்டு பயத்துக்கும் நடுவில் வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த நாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. சோறு தின்றேன், இடம் வலம் மாறிப் படுத்தேன், ஒன்றும் இல்லை. மத்தியானம் இவர் வந்ததும் சொன்னேன்.

"கயித்த அவுத்ததாலதான். போன ரெண்டும் கல்லு இல்லாமத்தான போச்சு" என்று மோதிரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அத எம் பக்கத்துல கொண்டு வராதிய!" என்று கத்தினேன். அவரை நோக்கி நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெறுங்கையை என் வயிற்றில் வைத்தார். அப்படியே வெகுநேரம் இருந்தோம். ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிட அவர் எழுந்திருக்கப் போன நேரத்தில், அந்தக் கைக்கு அடியில் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது.

"உதைக்குதுட்டி" என்றார். பெரிய சத்தமாக அழுதார். மோதிரம் இன்னொரு கையில் அப்படியே இருந்தது. கட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.