கையெழுத்து போல ஓர் அச்சு

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அய்யாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர்ந்தபின், ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்திலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பரமக்குடிக்கு வந்தேன். அங்கே ஒரு சின்ன அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் வேலை.

ஒருநாள் முதலாளி சலித்துக்கொண்டார். "கல்யாணப் பத்திரிகைல எழுத்தெல்லாம் போலீஸ்காரன் மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்குது. கையால எழுதுன மாதிரி இருந்தா நல்லாருக்கும். உம்ம கையெழுத்து அழகுதானே, செதுக்கிப் பாரும்."

பூவரசங்கட்டையில் செதுக்கினேன். அச்சில் நேராக விழ, கட்டையில் இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். எழுத்துகளை லேசாகச் சாய்த்தேன். புள்ளியைச் சற்றுத் தள்ளி வைத்தேன். கையால் எழுதும்போது ஒரு 'க' போல இன்னொரு 'க' இருக்காது. அதனால் அடிக்கடி வருகிற எழுத்துகளை மூன்று விதமாக வெட்டினேன். எட்டு மாதமாயிற்று. பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே கழிந்தன.

அந்த எழுத்தை முதலில் கேட்டவர் ராமேஸ்வரம் தீவிலிருந்து மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு மீனவர். மாதிரித் தாளைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு எழுத வராதுங்க. தனுஷ்கோடில எங்க அண்ணன் இருக்காரு. வலைப் பங்குல சண்டையாகி ஒம்பது வருசமாப் பேச்சில்ல. இது போனா நானே எழுதிக் கூப்ட்ட மாதிரி இருக்கும்ல?"

"இருக்கும்" என்றேன்.

அச்சான பத்திரிகைகளை வாங்கிக்கொண்டவர், முதல் பத்திரிகையை என்னிடமே நீட்டினார். கல்யாணத்தன்று ரயிலேறித் தீவுக்குப் போனேன்.

மாதா கோயிலில் திருமணம் முடிந்து பந்தி போடும் நேரத்தில் அந்த அண்ணன் வந்தார். கையில் பத்திரிகை.

"ஏலே, நீயா எழுதுன? எப்ப எழுதப் படிச்ச?"

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணப்பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் காட்டிக் கொடுத்திருக்க மாட்டேன்.

"இல்லண்ணே. இந்தா, இவரு செதுக்குன எழுத்து. ஒன்னயக் கூப்டணும்னு சொன்னது மட்டும்தான் நான்."

அண்ணன் பத்திரிகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ சொன்னேல்ல, அது போதும்ல" என்று தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள்.

பந்தியில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இம்புட்டு அழகா எழுதுறீகளே. வீட்டுக்கு, சொந்தபந்தத்துக்கெல்லாம் நெறைய காயிதம் போடுவீகளோ?"

"ஆமா" என்றேன். எனக்கு அப்படி யாரும் இல்லை என்று அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை. இலையில் மீன்குழம்பு விழுந்தது. அவர் தம்பி பக்கம் திரும்பிவிட்டார்.

அதன்பின் காதுகுத்து, புதுவீடு என்று உப்பூர் வரைக்கும் அந்த எழுத்தையே கேட்டார்கள். ஒருமுறை முதலாளி கருமாதிப் பத்திரிகைக்கும் அதையே எடுத்தார். "வேணாங்க, சிரிக்கிற மாதிரி இருக்கு" என்று தடுத்து, பழைய ஈய எழுத்திலேயே கோத்துக் கொடுத்தேன். மற்றபடி என் கையெழுத்து போகாத தெரு அந்தப் பக்கம் குறைவு. அது என் கை என்று முதலாளியையும் அந்தக் கல்யாண வீட்டையும் தவிர யாருக்கும் தெரியாது.