ஈய அறையில் இரண்டு கோடுகள்

டக்!

என் முதுகுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த அறைக்குள் இருந்தவள் நான்தான்.

குன்னத்துகாலில், மூடிப்போன ஒரு பல் கிளினிக்கின் எக்ஸ்ரே அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். சுவர், கதவு எல்லாம் ஈயத் தகடு. நானும் என் தொழில் கூட்டாளி ஷிஜுவும் அங்கே கைப்பெட்டி அளவில் ஓர் எக்ஸ்ரே கருவி செய்துகொண்டிருந்தோம். செம்பின் மீது எலக்ட்ரான்களை மோதவிட்டால் செம்புக்கே உரிய எக்ஸ்ரே கிளம்பும். டிடெக்டர் அதைப் பிடித்து லேப்டாப் திரையில் கோடாகக் காட்டும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடு. கோட்டைப் பார்த்தே பெயரைச் சொல்லிவிடலாம்.

"சின்னதாக்கிச் சின்னதாக்கி கடைசியில சட்டப்பையில போட்டுட்டுப் போவிய போல சேச்சி!" சிரித்துக்கொண்டே ஷிஜு பைக்கை எடுத்தான். பனச்சமூட்டில் ஃபியூஸ் வாங்க வேண்டும். "இப்ப வாறேன். ஒத்தைக்கு உள்ள ஏறண்டாம், கேட்டியளா?"

கேட்கவில்லை. டிடெக்டரை லேசாக நகர்த்த உள்ளே போனேன். என்ன பயம்? கருவியின் சாவி என் கையில்.

அப்போதுதான் அந்த 'டக்'.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கருவி ஓடினால் மட்டுமே எரியும் விளக்கு. ஓடும்போது கதவு திறக்காது. நாங்களே வைத்த பாதுகாப்பு. அவசரத்துக்கு நிறுத்தும் பொத்தான்? இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை வெளிச்சுவரில் மாட்டியிருந்தோம்.

என் வயிற்றில் மூன்று மாதக் குழந்தை.

போனில் சிக்னல் இல்லை. கதவைத் தட்டினேன். கத்தினேன். ஈயம் எல்லாவற்றையும் விழுங்கியது. வயிற்றைக் கைகளால் மூடிக்கொண்டு, டிடெக்டர் மேஜைக்குப் பின்னால் ஒடுங்கினேன்.

ம்ம்ம்ம்… ஒரு முனகல். கருவியா?

லேப்டாப்பைப் பார்த்தேன். செம்புக் கோடு இல்லை. கருவி ஓடவில்லை! போன உயிர் திரும்பியது.

பிறகு ஒரு கோடு எழுந்தது. வேறு இடத்தில்.

கால்சியம்.

எலும்பில் இருப்பது. ஆனால் சதை மூடிய எலும்பிலிருந்து அந்தக் கோடு வெளியே வராது…

பக்கத்திலேயே இன்னொன்று. டைட்டானியம். எங்கள் அறையில் அது கிடையவே கிடையாது.

இரண்டும் உயர்ந்தன. எதுவோ நெருங்கி வருவது போல…

சர்ர்… தரையில் எதையோ இழுக்கும் சத்தம்.

சர்ர்…

என்னைக் கடந்தது. கதவுப் பக்கம் போனது.

டக்.

கதவு திறந்திருந்தது. வெளியே யாரும் இல்லை. சுவரில் அந்தப் பொத்தான் மட்டும் அழுந்தியிருந்தது. மணி ஐந்து.

போன் அடித்தது. ஷிஜுவின் மனைவி ரெஜிஷா. "ஆஸ்பத்திரிக்கு வாங்க சேச்சி" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பனச்சமூடு வளைவில் ஷிஜுவின் பைக்கில் லாரி மோதியிருக்கிறது. நாலரைக்கே உயிர் போய்விட்டதாம்.

"எங்க அடி, ரெஜிஷா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பண்டு ஒரு ஆக்சிடெண்டில டைட்டானியம் கம்பி வச்ச காலு… உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாரு. அதிலயாக்கும் லாரி ஏறிச்சு. சதையே இல்ல சேச்சி… எலும்பும் கம்பியும் மட்டும் உண்டு."