வராகத்தின் மோவாயில் ஒரு கூடு

விருத்தாசலத்தில் பொம்மை செய்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் சூளைக்குப் போகுமுன் பச்சைப் பொம்மையைத் துடைத்துப் பிசிறு எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. இருபது வருஷமாகச் செய்கிற வேலை.

எங்கள் பட்டறைக்குப் பின்னால் எருக்கஞ்செடிகள் தழைத்துக் கிடக்கும். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழுக்கள் அதில் எப்போதும் மேயும். எருக்கின் விஷப் பாலைக் குடித்து வளர்வதால் காக்காய்கூட அவற்றைத் தொடாது. போன பிள்ளையார் சதுர்த்திக்குப் பூப் பறிக்க வந்தவர்கள், பூவோடு நிறுத்தாமல் செடியையே அடியோடு வெட்டிப்போட்டார்கள். வளர்ந்த புழுக்கள் இடம் தேடிப் பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டன. எனக்கு அது அப்போது தெரியாது.

இரண்டு நாள் கழித்து, கொலுவுக்காக ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்த வராகப் பொம்மையைக் கையில் எடுத்தேன். மோவாய்க்கு அடியில் ஒரு மண் உருண்டை தொங்கியது. 'அச்சு ஊத்துனவன் லட்சணம்!' என்று திட்டிக்கொண்டே கத்தியை வைத்தேன். மெத்தென்றிருந்தது. கத்தி வழுக்கிப் பக்கத்து மண்ணைக் கீறியது. உற்றுப் பார்த்தால், உருண்டையில் தங்கப் பொட்டுகள்! கூடு.

கத்தியைக் கீழே போட்டேன். உள்ளே இருந்ததற்கு அடிபட்டதா, இல்லையா? சூளைக்காரத் தம்பியிடம் போய்க் கூட்டைக் காட்டி, "இந்த ஒண்ண மட்டும் அடுத்த சூளைக்கு வெச்சுக்கலாம்பா" என்றேன்.

"சாமிக்குப் பிரசவம் பாக்கப் போறீங்களாக்கா?" என்று சிரித்தான். சிரித்தாலும் பொம்மையை மேல் பலகையில் பத்திரமாக வைத்தான்.

மகள் போனில் பார்த்து, அது வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் கூடு என்று சொன்னாள். நல்ல பேர்தான். எனக்கோ தினமும் காலையில் வந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். டீ வந்தாலும் பிறகுதான்.

ஒன்பதாம் நாள் கூடு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. வெளியே வந்ததைப் பார்த்ததும் என் உயிரே போய்விட்டது. றெக்கை இரண்டும் கசங்கிச் சுருண்டு, ஈரத் துணியாகத் தொங்கின. என் கத்தி செய்த வேலைதான் என்று கண் கலங்கியது. பழக்கதோஷம், ஈர ஸ்பாஞ்சை எடுத்து றெக்கையை நீவிவிடப் போனேன்.

"அக்கா! அச்சுலேர்ந்து எடுத்த பொம்மைய ஒடனே தொடுவீங்களா நீங்க? காயட்டும், வுடுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினான் சூளைக்காரத் தம்பி.

கையை இழுத்துக்கொண்டேன். இந்தப் பாடத்தை இருபது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான்.

கொஞ்ச நேரத்தில் றெக்கைகள் தாமாகவே நீண்டன. கறுப்பு ஓரம், அதில் வெள்ளைப் புள்ளிகள், ஒரு மடிப்புகூட இல்லை. என்னால் இவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்க முடியாது. காய்ந்ததும் ஜன்னல் வழியாக, வெட்டிய எருக்கு துளிர்த்திருந்த பக்கம் பறந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் சூளைக்காரத் தம்பிக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் வராகம் சூளைக்குப் போனது. மோவாய்க் கீறலைக் களிமண் கூழ் தடவி மூடியிருக்கலாம். மூடவில்லை. என் கையிலிருந்து கீறலோடு போன பொம்மை அது ஒன்றுதான்.